பஞ்சாலை வாசலில் பெரட்டு

பஞ்சாலை என்பது ஒரு பெண்ணின் பெயர். நூல் நூற்கிற ஆலை இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை ஆரம்பித்தால் யாராவது ஒருவர் குறுக்கே விழுந்து, மலாயாவில் பஞ்சு எங்கே விளைந்தது என்று கேட்டுவிடுகிறார். பாஞ்சாலி என்று வைத்த பெயர் தோட்டத்து நாக்கில் புரண்டு பஞ்சாலையாகி, அடையாளக் கார்டிலும் அப்படியே ஏறிவிட்டது. அவர் அதைத் திருத்தவில்லை. கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிற பெயர்தான் பெயர் என்பார்.

நான் குலசேகரம். யாழ்ப்பாணத்தான். பன்னிரண்டு வருஷம் ஒரு ரப்பர் தோட்டத்தில் கிராணியாக, அதாவது ஆபீஸ் குமாஸ்தாவாக, இருந்தேன். நான் எழுதிய கடிதத்தில் மேனேஜர் துரை ஒரு காற்புள்ளியை அடித்துவிட்டார் என்பதற்காக அவரோடு சண்டை போட்டு வேலையை விட்டேன். காற்புள்ளி விஷயத்தில் நான் சொன்னதுதான் சரி; இன்றைக்கும் சொல்வேன். அதன் பிறகு கோலா பிலாவில் ஒரு சீனர் கடை மாடியில் டைப்ரைட்டரை வைத்துக்கொண்டு, மனு எழுதிப் பிழைத்தேன். என் இங்கிலீஷைப் பற்றி எனக்கு இருந்த கர்வம் கொஞ்சநஞ்சமல்ல. அந்தக் கர்வம் ஆடிய கூத்தைத்தான் சொல்லப் போகிறேன். எனக்கு இதில் பெருமை ஒன்றும் இல்லை. ஆனால் பஞ்சாலையைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் இதைத்தான் சொல்ல வேண்டும்.

அவருடைய புருஷன் நல்லசாமி புல்லுவெட்டுக் காண்ட்ராக்டர். தோட்டத்து ஆள் வேறு, காண்ட்ராக்டர் வேறு. தோட்டத்து ஆளுக்குத் துரை நாள் சம்பளம் கொடுப்பார், லயத்தில் வீடு கொடுப்பார். காண்ட்ராக்டருக்கு ஏக்கருக்கு இவ்வளவு என்று பேச்சு. ஆள் அவருடையது, கத்தி அவருடையது, மழையில் நின்றுபோன நாளின் நஷ்டமும் அவருடையது. நல்லசாமி நாற்பத்தொன்பதில் மஞ்சள் காமாலையில் போய்விட்டார். கருமாதி முடிந்த மறுநாள் கல்லுமலைத் தோட்டத்துத் துரை, காண்ட்ராக்டை வேறு ஆளுக்குக் கொடுக்கப் போவதாகச் சொல்லி அனுப்பினார். பஞ்சாலை பதில் சொல்லி அனுப்பவில்லை. புருஷனின் முழுக்கைச் சட்டையைப் போட்டு, தலையில் துண்டைக் கட்டி, ஆட்களோடு போய் லாலான் புல்லை வெட்ட ஆரம்பித்துவிட்டார். துரை மத்தியானம் வந்து பார்த்தபோது நாலு ஏக்கர் முடிந்திருந்தது. காண்ட்ராக்டை மாற்றும் பேச்சை விட்டுவிட்டுப் போய்விட்டார். அப்போது பஞ்சாலைக்கு முப்பத்தெட்டு வயது.

அந்தக் காலத்தில் புல்லுவெட்டுகிறவர்கள் காட்டோரத்திலேயே கொங்சி என்று ஒரு பெரிய குடிசை போட்டு, வேலை முடிகிறவரை அங்கேயே சமைத்து, அங்கேயே படுப்பார்கள். எமர்ஜென்சி வந்தது. காட்டுக்குள் துப்பாக்கியோடு இருந்த கம்யூனிஸ்டுகளுக்கு வெளியே இருப்பவர்கள் அரிசி கொடுத்துவிடக் கூடாது என்று கொங்சிகளைப் பிரித்துப் போட்டார்கள். ஐம்பத்தொன்றில் எல்லாரையும் கோலா பிலாவுக்கு வெளியே, முள்கம்பி வேலி போட்ட ஒரு புதுக் குடியிருப்புக்குக் கொண்டுவந்தார்கள். காலை ஆறு மணிக்குக் கேட் திறக்கும். சோற்றுப் பொட்டலத்தோடு யாரும் வெளியே போகக் கூடாது. பெண்களைக்கூடத் தடவிப் பார்த்துத்தான் விடுவார்கள். சாயங்காலம் கேட் மூடுமுன் திரும்பிவிட வேண்டும். கல்லுமலைத் தோட்டம் ஒன்பது மைல். மூங்கித் தோட்டம் பதினாலு மைல். நடந்து போனால் போய்ச் சேர்ந்ததும் திரும்ப வேண்டியதுதான்.

பஞ்சாலை காதில் கழுத்தில் கிடந்ததை விற்று, ஜப்பான் சண்டை முடிந்தபின் ராணுவம் கழித்துக்கட்டிய ஒரு பழைய லாரியை வாங்கினார். அதை ஓட்ட வந்தவர் பெயர் அர்ச்சுனன். காது மந்தமான கிழவர். பாரதத்தில் அர்ச்சுனனுக்குத் தேரோட்டி இருந்தான், இங்கே அர்ச்சுனனே தேரோட்டுகிறான் என்று பஜாரில் கேலி பேசுவார்கள். அர்ச்சுனனுக்குக் காது கேட்காது, பஞ்சாலைக்குக் கேட்டாலும் கேட்காது. அந்த லாரி இருந்ததால்தான் இருபத்தைந்து பேருக்கு வேலை இருந்தது. லாரி போனால் காண்ட்ராக்ட் போகும், காண்ட்ராக்ட் போனால் அத்தனை பேரும் வேலிக்குள் சும்மா உட்கார வேண்டியதுதான்.

ஐம்பத்து நாலாம் வருஷம், ஒரு திங்கட்கிழமை, பஞ்சாலை என் மாடிப்படி ஏறி வந்தார். கையில் பழுப்பு உறை.

"ஐயா, இந்தக் காயிதத்துல என்னா எழுதியிருக்குன்னு படிச்சுச் சொல்லுங்க. ஒண்ணும் விடாம படிங்க. நல்லது மட்டும் சொல்ற பழக்கம் வேணாம்."

படித்தேன். வரி அலுவலகத்துக் கடிதம். நாட்டுக்கு வருமான வரி வந்தே ஆறேழு வருஷம்தான் ஆகியிருந்தது. தோட்டக்காட்டில் பலருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. பஞ்சாலை மூன்று வருஷமாக ஒழுங்காகக் கணக்குக் கொடுத்து வந்திருந்தார். இப்போது ஒரு புதுத் துரை அதைப் புரட்டிப் பார்த்திருக்கிறார். வருமானத்தை ஈட்டுவதற்காகவே முழுக்க முழுக்கச் செய்த செலவைத்தான் கழிக்கலாம். வீட்டிலிருந்து வேலை செய்யும் இடத்துக்குப் போய்வருவது அவரவர் சொந்தச் செலவு. ஆகவே லாரியின் பெட்ரோல், டயர், டிரைவர் சம்பளம் எதையும் கழிக்க முடியாது. மூன்று வருஷத்துக்கும் சேர்த்து வரி கட்ட வேண்டும். ஆட்சேபம் இருந்தால் முப்பது நாளுக்குள் எழுதலாம்.

தொகையைச் சொன்னேன்.

"லாரிய வித்தாத்தான் கட்ட முடியும்," என்றார் பஞ்சாலை. "லாரி ஓடுனதுக்கு வரி, அதக் கட்ட லாரிய விக்கணும். அப்படித்தான?"

"அப்பிடித்தான் வருது, அம்மா."

"விக்க மாட்டேன். எழுதுங்க."

"என்னத்தை எழுதுறது? சட்டம் அப்பிடித்தானே சொல்லுது. நான் வீட்டிலை இருந்து இங்கை பஸ்ஸிலை வாறன். அந்தக் காசை ஒருத்தரும் எனக்குக் கழிச்சு விடேல்லை."

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. கோபம் வந்தால் சத்தம் குறையும் அவருக்கு, எனக்கு ஏறும்.

"நீங்க ஒருத்தரு, ஒரு கொடையோட வர்றீங்க. நான் வேலைக்குப் போறேனா ஐயா? வேலையவே ஏத்திக்கிட்டுல்ல போறேன். இருபத்தஞ்சு ஆளு, இருபத்தாறு கத்தி. அது என்ன நான் கோயிலுக்குப் போற வண்டியா? முன்ன கொங்சியில படுத்தோம், லாரி கேட்டோமா? வேலிக்குள்ள வந்து படுன்னு சொன்னதும் சர்க்காரு. அங்கேருந்து போனியே, அதுக்கு வரி கட்டுன்னு சொல்றதும் சர்க்காரா?"

"கோவம் வேறை, சட்டம் வேறை, அம்மா. உங்கடை வேலை எங்கை தொடங்குது எண்டதுதான் கேள்வி. தோட்டத்திலை தொடங்கினா, அதுவரைக்கும் போறது சொந்தச் செலவு. வீட்டிலையே தொடங்கினா கதை வேறை."

"வேலை எங்க தொடங்கும்? பெரட்டுல தொடங்கும். இதென்ன கேள்வி, நீங்க கிராணியா இருந்தவருதான?"

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தோட்டத்தில் விடியற்காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுப்பதற்குப் பெரட்டு என்று பெயர். பெரட்டுக்கு வராதவனுக்கு அன்றைக்குப் பெயர் இல்லை, அதாவது சம்பளம் இல்லை. பிந்தி வந்தால் அரைப்பேர், பாதிச் சம்பளம்.

"லயத்துலேருந்து பெரட்டுக்கு நம்ம காலு. பெரட்டுலேருந்து வெளிக்காட்டுக்குத் துரை காலு," என்றார் பஞ்சாலை. "பெரட்டுக்கு வர்ற வழியில காலு முறிஞ்சா நம்ம தலவிதி. பேரு கூப்பிட்ட பின்னாடி முறிஞ்சா தோட்டத்துக் கணக்கு. இது எங்காளுங்க எல்லாருக்கும் தெரியும். எம் பெரட்டு எங்க நடக்குது? எம் வீட்டு வாசல்ல. அஞ்சரை மணிக்கு. வந்து பாக்கச் சொல்லுங்க அந்தத் துரைய."

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. உண்மையாகவே சொல்கிறேன். இங்கிலீஷ் சட்டப் புத்தகம் எதுவும் படிக்காத ஒரு மனுஷி, சட்டத்தின் வயிற்றிலேயே கையை வைத்துவிட்டார். இந்தச் செலவு பெரட்டுக்கு முந்தியதா, பிந்தியதா? அவ்வளவுதான் கேள்வி. நான் உடனே தாளைச் செருகினேன்.

அன்றைக்கு நான் அடித்த கடிதம் மூன்று பக்கம். இரண்டு இடத்தில் லத்தீன்கூட வரும். நடுவில், இதுதான் முக்கியமான வாக்கியம் என்று நினைத்து, அடிக்கோடு போட்டு எழுதினேன்: மேற்படி பஞ்சாலை தினமும் விடியுமுன் தம் வீட்டு வாசலில் இருபத்தைந்து பேரைத் திரட்டி, பெயர் அழைத்து, ஒவ்வொருவருக்கும் கத்தி வழங்கி, பரேட் நடத்திய பிறகே தோட்டங்களுக்குப் புறப்படுகிறார்.

பரேட். பெரட்டு என்பது அந்த இங்கிலீஷ் சொல்லிலிருந்துதான் வந்தது என்று எனக்குத் தெரியும். கூலிகளின் வாயில் கெட்டுப்போன சொல்லை நான் அதன் தாய்வீட்டுக்கே திருப்பி அனுப்புகிறேன் என்று பெருமைப்பட்டேன். தோட்டத்துத் துரைமார்கள் அதற்கு வேறு சொல் வைத்திருக்கிறார்கள் என்பதோ, பரேட் என்றால் இங்கிலீஷ்காரன் நினைப்பது பட்டாளக் கவாத்தைத்தான் என்பதோ, அந்த நேரத்தில் என் மண்டையில் ஏறவில்லை. நாடு இருந்த இருப்பும் ஏறவில்லை. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்களே, அந்தக் குரங்கை நான் ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பினேன்.

பதினோராம் நாள் அர்ச்சுனன் மூச்சு வாங்க மாடி ஏறி வந்தார்.

"லாரியக் கொண்டுக்கிட்டுப் போயிட்டாங்க ஐயா. கத்தி அத்தனையும் எண்ணி எடுத்துக்கிட்டாங்க. அம்மா மாத்தாமாத்தா ஆபீஸ்ல இருக்கு. உங்களக் கையோட கூட்டியாரச் சொல்லிச்சு."

ஓடினேன். போலீஸ் நிலையத்தில் பஞ்சாலை பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். எதிரே ஒரு மலாய்க்கார இன்ஸ்பெக்டர், மரியாதையான மனிதர். அவர் ஒரு தாளை என் பக்கம் திருப்பினார். என் கடிதத்தின் நகல். நான் போட்ட அடிக்கோட்டின் மேலேயே யாரோ சிவப்பு மையில் இன்னொரு கோடு போட்டிருந்தார்கள்.

"இருபத்தைந்து பேர், விடியுமுன், கத்தியோடு கவாத்து. இவளுடைய ஆளே எழுதியிருக்கிறார். நான் என்ன செய்யட்டும்?" என்று இங்கிலீஷில் கேட்டார்.

அந்த நாட்களில் சந்தேகம் என்றால் விசாரணை இல்லாமலே உள்ளே வைக்கலாம். இந்தியாவில் பிறந்தவர் என்றால் கப்பலேற்றி அனுப்பலாம். பஞ்சாலை பிறந்தது சேலத்துப் பக்கம். எழுதினது நான், அந்தச் சொல் என்னுடையது, இவர் சொன்னது வேறு என்று நான் அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். ஏதோ தப்பாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள் என்று மட்டும் சொன்னேன். யார், எதை என்று சொல்லவில்லை. பயம் பாதி, மீதி என் இங்கிலீஷ் பிழை என்று என் வாயாலேயே சொல்ல மனம் வராதது. அதை நினைத்தால் இப்போதும் எனக்கு என் மேலேயே எரிச்சல் வருகிறது.

"என்னாவாம்?" என்று கேட்டார் பஞ்சாலை.

"உங்கடை பெரட்டைப் பற்றிச் சந்தேகப்படுகினம்."

"மடியில கனமிருந்தாத்தான வழியில பயம்? வந்து பாருன்னு நான்தான் அன்னைக்கே சொன்னனே. வரச் சொல்லுங்க. அந்த வரித் துரையும் வரட்டும், இவரும் வரட்டும். ரெண்டு பேருக்கும் ஒரே பெரட்டுலயே காட்டிப்புடுறேன்."

நான் அதை இன்ஸ்பெக்டருக்குச் சொன்னேன். அவர், அம்மா வீட்டுக்குப் போகலாம், லாரி இருக்கட்டும், வரி அதிகாரி தேதி சொன்னதும் வந்து பார்க்கிறேன் என்றார்.

தேதி வரப் பத்தொன்பது நாள் ஆனது. அந்தப் பத்தொன்பது நாளும் பஞ்சாலை வாசலில் பெரட்டு நிற்கவில்லை. லாரி இல்லை, கத்தி இல்லை. ஆனாலும் அஞ்சரைக்குப் பெயர் கூப்பிட்டார். கேட் திறந்ததும், நடக்கத் தெம்பிருந்த ஏழெட்டுப் பேரைக் கூட்டிக்கொண்டு கல்லுமலைத் தோட்டத்துக்கு ஒன்பது மைல் நடந்தார். தோட்டத்து ஸ்டோரில் கத்தி இரவல் வாங்கி, இரண்டு மணி நேரம் வெட்டி, மறுபடி ஒன்பது மைல் நடந்து கேட் மூடுமுன் வந்தார். மூங்கித் தோட்டத்து வேலை அப்படியே நின்றது. அங்கே லாலான் இடுப்புயரம் வளர்ந்துவிட்டதாம். இந்த மாதம் முடிவதற்குள் ஆள் வராவிட்டால் காண்ட்ராக்ட் வேறு கைக்குப் போகும் என்று துரை எழுதியிருந்தார். அந்தக் கடிதத்தையும் நான்தான் அவருக்குப் படித்துச் சொன்னேன்.

அந்த நாள் வந்தது. வரி அதிகாரி இளவயதுத் துரை, ஊருக்குப் புதிது. முந்தின நாளே வந்து பயணிகள் மாளிகையில் தங்கியிருந்தார். ஜீப்பில் நானும் ஏறிக்கொள்ள வேண்டும் என்று ஏற்பாடு. ஐந்து மணிக்கு நான் தயாராக நின்றேன். துரைக்குக் காலணி ஒன்று கிடைக்கவில்லை. தேடி எடுத்து, காப்பி குடித்து, கிளம்பி, வேலியின் கேட்டில் இன்ஸ்பெக்டர் இறங்கிப் பேசித் திறக்கச் சொல்லி, பஞ்சாலை வாசலுக்கு வந்து சேர்ந்தபோது ஐந்தே முக்கால்.

காத்திருப்பார் என்றுதான் நினைத்தேன். கேஸ் விளக்கு வெளிச்சத்தில் பெரட்டு நடந்துகொண்டிருந்தது. பஞ்சாலை எங்களைப் பார்த்தார். தலையை ஒருதரம் அசைத்துவிட்டு மறுபடி கையிலிருந்த செக்ரோலை, அதாவது பெயர்ப் பதிவேட்டை, பார்த்தார். துரை வந்தாலும் பெரட்டு நிற்காது என்று அந்த அசைப்புக்கு அர்த்தம்.

பெண்கள் முழுக்கைச் சட்டையும் தலைத்துண்டுமாக இரண்டு வரிசையில் நின்றார்கள். கத்திகளை இன்ஸ்பெக்டர் அன்றைக்காக முந்தின நாளே திருப்பி அனுப்பியிருந்தார். கத்திப் பிடிகளில் பழுக்கக் காய்ச்சிய கம்பியால் எண் சுட்டிருக்கும். பெயர் கூப்பிட்டால் "இருக்கேன்" என்று சொல்லக் கூடாது. தன் கத்தி எண்ணைச் சொல்ல வேண்டும். அது பஞ்சாலையின் வழக்கம்.

"தாயம்மா."

"அஞ்சு."

"வள்ளியம்மா."

"ஆறு."

"மங்கம்மா."

பதில் இல்லை. மங்கம்மா பஞ்சாலையின் கூடப்பிறந்த தங்கை. முடியை முடிந்துகொண்டே சந்திலிருந்து ஓடி வந்து, "ஏழுக்கா, ஏழு," என்றாள்.

"அரைப்பேர்," என்று எழுதிக்கொண்டார் அக்கா. வரிசையில் ஒருத்தி சிரித்தாள். இளந்துரை என்ன சொன்னார்கள் என்று கேட்டார். சொன்னேன். சொந்தத் தங்கைக்கா என்றார். ஆமாம் என்றேன்.

இருபத்தாறு வரை முடிந்தது. பஞ்சாலை பென்சிலை எடுத்தார், கடைசியாக ஒரு பெயரைக் கூப்பிட்டார்.

"பஞ்சாலை."

"ஒண்ணு," என்று அவரே பதில் சொல்லி, அவரே கோடு போட்டுக்கொண்டார். ஒருவரும் சிரிக்கவில்லை, அவர்களுக்கு அது தினசரி நடப்பு.

துரை முன்னால் வந்தார். முதல் கேள்வியே என்னைத் தேடி வந்தது.

"இதற்கு ஏன் பரேட் என்று எழுதினாள் என்று இவளைக் கேளுங்கள்."

கேட்க வேண்டியது என் வேலை. கேட்டால் தெரிந்துவிடும். அந்த இடத்தில் நான் எதையாவது மாற்றிச் சொல்லியிருக்கலாம். இரண்டு பாஷையும் தெரிந்தவன் அங்கே நான் ஒருவன்தான். இருபத்தைந்து பெண்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பத்தொன்பது நாள் கூலி இழந்தவர்கள்.

"அம்மா," என்றேன், "நீங்கள் பெரட்டு எண்டு சொன்னதை நான் இங்கிலீஷிலை பரேட் எண்டு எழுதிப்போட்டன். அதுக்குக் கவாத்து எண்டு அர்த்தம். பட்டாளம் செய்யிற கவாத்து. அதாலைதான் போலீஸ் வந்தது. பிழை என்ரை பிழை. அண்டைக்கு ஸ்டேஷனிலையே எனக்குத் தெரியும். சொல்லேல்லை."

பிறகு அதையே இங்கிலீஷில் துரைக்கும் இன்ஸ்பெக்டருக்கும் சொன்னேன். இங்கிலீஷில் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது.

பஞ்சாலை என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"பெரட்டுன்னா பெரட்டுன்னே எழுத வேண்டியதுதான ஐயா," என்றார். "அவுங்க புரியலைன்னா கேட்டுக்கிட்டுப் போறாங்க." அவ்வளவுதான். அதற்கு மேல் திட்டவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

துரை செக்ரோலை வாங்கிப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். தமிழ் தெரியாவிட்டாலும் கோடுகள் புரிந்தன. தினமும் கடைசி வரியில் பஞ்சாலையின் பெயர், முழுக்கோடு. காய்ச்சலில் கிடந்த இரண்டு நாள் மட்டும் சுழி. காண்ட்ராக்டருக்குச் சம்பளம் கிடையாதே, ஏன் உன் பெயரை எழுதுகிறாய் என்று கேட்டார்.

"எம் புருசன் போன பின்னாடி எம் பேரக் கூப்பிட ஆளில்ல," என்றார் பஞ்சாலை. "பேரு கூப்பிடலைன்னா வேலை ஆரம்பிக்கலைன்னு அர்த்தம். அதான் நானே கூப்பிட்டுக்கிறேன். இந்த வாசல்ல பேரு விழுந்தப்புறம் நான் எங்க போனாலும் அது வேலைதான்."

மொழிபெயர்த்தேன். இந்தத் தடவை பெரட்டைப் பெரட்டு என்றே சொன்னேன். துரையும் ஒருதரம் சொல்லிப் பார்த்தார். லயத்திலிருந்து பெரட்டுக்கு நம் கால், அங்கிருந்து துரை கால் என்ற பேச்சையும் சொன்னேன். அவர் தன் காலைக் குனிந்து பார்த்துச் சிரித்துவிட்டு, குறிப்புப் புத்தகத்தில் நிறைய எழுதினார். எனக்கு மூச்சு வந்தது. உடனே அவர் நிமிர்ந்தார்.

"போவது சரி. திரும்பி வருவது? சாயங்காலம் தோட்டத்தில் வேலை முடிகிறது. அதன் பிறகு வீட்டுக்கு வருகிறாள். அது சொந்தச் செலவுதானே? பாதியைத்தான் கழிக்க முடியும்."

இதை நான் எதிர்பார்க்கவே இல்லை. மூன்று பக்கக் கடிதத்தில், இரண்டு லத்தீனோடு, திரும்பி வருவதைப் பற்றி ஒரு வரி கிடையாது. பாதி கழித்தாலும் மீதிப் பாதிக்கு வரி கட்ட லாரியை விற்றுத்தான் ஆக வேண்டும். பஞ்சாலைக்குச் சொன்னேன். குரல் தாழ்ந்து வந்தது அவருக்கு.

"வேலை தோட்டத்துல முடியுதுன்னு யாரு சொன்னா? கத்திய எண்ணி வாங்காம எப்படி முடியும்?"

"எங்கை எண்ணுறீங்கள்?"

"இங்கதான். இதே வாசல்ல, இதே மாதிரி நிக்க வச்சு. ஒரு கத்தி கொறைஞ்சாலும் அன்னிக்கே போய்ச் சொல்லணும். காட்டுக்குள்ள இருக்கிறவன் கைக்குப் போயிடுச்சின்னா என்னைய இல்ல புடிப்பாங்க? வேலிக்கு வெளிய ஒரு கத்திகூட விட்டுட்டு வரக் கூடாது. இருபத்தாறும் உள்ள வந்து எண்ணி முடிஞ்சாத்தான் பெரட்டு கலையும்."

"இப்பிடிச் செய்யச் சொல்லி ஆர் சொன்னது? துரை அதைக் கேப்பார்."

பஞ்சாலை விளக்குக்குப் பக்கத்தில் நின்றிருந்த இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பினார். இன்ஸ்பெக்டரோடு பேச அவருக்கு நான் தேவையில்லை. சந்தை மலாய் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு.

"துவான் செண்டிரி சுரோ," என்றார். துவான், நீங்களேதானே செய்யச் சொன்னீர்கள் என்று.

இன்ஸ்பெக்டர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, துரையிடம் இங்கிலீஷில் சொன்னார்: இரண்டு வருஷத்துக்கு முன்பு தாம்தான் அந்த உத்தரவைப் போட்டதாகவும், புல்லுவெட்டுக் கத்திகளை ஒவ்வொரு சாயங்காலமும் வேலிக்குள் கொண்டுவந்து எண்ண வேண்டியது காண்ட்ராக்டரின் பொறுப்பு என்றும், இந்த அம்மா ஒரு நாளும் தவறியதில்லை என்றும். தவறியதில்லை என்பதைச் சொல்லும்போது அவருக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்தது போலிருந்தது.

துரை குறிப்புப் புத்தகத்தை மூடினார். இன்ஸ்பெக்டர் சட்டைப் பையிலிருந்து லாரிச் சாவியை எடுத்து அர்ச்சுனனிடம் நீட்டினார். நிலையத்தில் நிற்கிறது, போய் எடுத்துக்கொள் என்றார். அர்ச்சுனனுக்குக் கேட்கவில்லை, சாவியைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. அன்றைக்கு மத்தியானமே மூங்கித் தோட்டத்தில் இடுப்புயர லாலானில் இருபத்தாறு கத்தியும் இறங்கின.

ஒரு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. பஞ்சாலை மறுபடி மாடி ஏறி வந்து, ஒன்றும் விடாமல் படிக்கச் சொன்னார். வாசலில் பெரட்டு நடக்கும் இடத்திலிருந்து தோட்டங்களுக்குப் போவதும், கத்தியை எண்ணத் திரும்பி வருவதும் தொழிலின் பகுதி. லாரிச் செலவு கழிக்கப்படுகிறது. இங்கிலீஷ் கடிதத்தின் நடுவே பெரட்டு என்ற சொல் பெரட்டாகவே இருந்தது. அவர் விரலைப் பிடித்து அந்தச் சொல்லின் மேல் வைத்துக் காட்டினேன். ஒரு விதிவிலக்கும் இருந்தது. பெரட்டு இல்லாத நாளில் பெட்ரோல் செலவான மூன்று தடவை, அதாவது சிரம்பானில் இரண்டு கோயில் திருவிழாவும் லுக்குட்டில் ஒரு கல்யாணமும், கழிக்கப்பட மாட்டாது.

"அது நியாயந்தான்லா," என்றார். "கல்யாண வீட்டுல சாப்புட யாரு பேரு கூப்பிட்டா?"

அந்தச் சின்னத் தொகையை அன்றைக்கே கட்டினார். லாரியை அதன் பிறகு எட்டு வருஷம் ஓட்டினார். கொங்சி மறுபடி போடலாம் என்ற காலம் வந்தபோதும் போடவில்லை; வாசல் பெரட்டு பழகிவிட்டது என்றார்.

கடிதத்தை மடித்து வைத்துவிட்டு முந்தானை முடிச்சை அவிழ்த்தார். எழுதிய கூலி. நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"வேண்டாம் அம்மா. பத்தொன்பது நாள் என்னாலை நட்டம். எந்த முகத்தோடை வாங்குறது?"

"எழுதுனதுக்குக் கூலி வாங்கித்தான் ஆகணும். ஓசியில எழுதுனா அடுத்த தடவை நான் எப்படித் தைரியமாத் திருத்தச் சொல்றது?" என்று மேஜைமேல் வைத்தார். பிறகு கைப்பையிலிருந்து செக்ரோலை எடுத்து, அந்த நாளின் பக்கத்தைத் திறந்தார். கடைசி வரியில் அவர் பெயருக்குக் கீழே, கொஞ்சம் நெருக்கி, புதிதாக ஒரு பெயர் இருந்தது. குலசேகரம் ஐயா. எதிரே ஒன்றும் போடாமல் விட்டிருந்தார்.

"அன்னிக்கு எம் வாசல்ல வேலை செஞ்சீங்க. எழுதாம விட முடியாது. ஆனா அஞ்சே முக்காலுக்குத்தான் வந்தீங்க."

"துரையின்ரை சப்பாத்து," என்று ஆரம்பித்தேன்.

"பெரட்டுல சாக்கு சொல்லக் கூடாது."

மங்கம்மாவுக்குச் சொன்ன அதே குரல். எனக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது. அவர் பென்சிலை எடுத்துக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல், செக்ரோலைப் பார்த்துக் கூப்பிட்டார்.

"குலசேகரம் ஐயா."

அவர் எதற்காகக் காத்திருக்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. நாற்காலியை விட்டு எழுந்து நின்றேன்.

"இருபத்தேழு," என்றேன்.

பஞ்சாலை பென்சில் முனையை நாக்கில் தொட்டு, என் பெயருக்கு நேரே அரைக்கோடு இழுத்தார்.